காற்று இலவசம், பலகை யாரிடம்? விண்ட்சர்ஃபிங் போட்டிகளும் கிள்ளான் பள்ளத்தாக்கு இளைஞர்களும்

2026-ஆம் ஆண்டு சுக்மா விளையாட்டுப் போட்டியை ஏற்று நடத்தும் மாநிலம் சிலாங்கூர். அதே ஆண்டு ஜப்பானின் ஐச்சி-நகோயாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. 2027-இல் சீ விளையாட்டுப் போட்டி மலேசியாவுக்கே வருகிறது. அடுத்தடுத்து மூன்று பெரிய போட்டிகள் வரும்போது, எந்த விளையாட்டில் யார் பெயர் இருக்கிறது என்று இந்திய சமுதாயம் தேடிப் பார்ப்பது வழக்கம்.

பூப்பந்தில் பெயர் உண்டு. கிள்ளானில் பிறந்த தீனா முரளிதரன், பெர்லி டானுடன் இணைந்து 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்தார். 2025 உலகப் போட்டியில் வெள்ளி வென்றார். ஸ்குவாஷில் எஸ்.சிவசங்கரி ஹாங்சோ ஆசியப் போட்டியின் தங்க மங்கை. 1966-இல் பேங்காக்கில் மூன்று தங்கம் வென்ற ஓட்டக்காரர் டாக்டர் எம்.ஜெகதீசன் காலத்திலிருந்து திடல் விளையாட்டுகளில் நம் பெயர்களுக்குக் குறை இருந்ததில்லை. ஹாக்கியும் கராத்தேயும் அப்படியே.

ஆனால் தண்ணீர் என்று வந்ததும் பட்டியல் சுருங்கிவிடுகிறது. பாய்மரப் படகு, விண்ட்சர்ஃபிங் போன்ற போட்டிகளில் இந்தியப் பெயர்களைக் காண்பது அரிது. "நம் பிள்ளைகளுக்குத் தண்ணி சரிப்படாது" என்று சொல்லி இதைக் கடந்துவிடுவது எளிது. அந்தப் பதில் சரிதானா? உலக அளவில் இந்த விளையாட்டில் வென்ற இளைஞர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பார்த்தால் வேறொரு பதில் கிடைக்கிறது.

ஒரு பலகை, ஒரு பாய்

விண்ட்சர்ஃபிங் என்பது மிதவைப் பலகையின் மீது நின்றபடி, அதில் பொருத்திய பாயைக் கையால் பிடித்து, காற்றின் விசையில் ஓடும் விளையாட்டு. படகில் சுக்கான் இருக்கும்; இதில் இல்லை. பாயைச் சாய்க்கும் கோணமும் கால் அழுத்தமும்தான் சுக்கான். 1960-களில் அமெரிக்காவில் உருவான இந்த யோசனையை, கலிபோர்னியாவைச் சேர்ந்த ஹாய்ல் ஸ்வைட்சர், ஜிம் டிரேக் இருவரும் காப்புரிமை பெற்ற பொருளாக்கிச் சந்தைக்குக் கொண்டு வந்தார்கள். 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் அது பதக்கப் போட்டியானது. பெண்களுக்கான தனிப் பிரிவு 1992 பார்சிலோனாவில் வந்தது.

போட்டி வகைகள் பல இருந்தாலும் இளைஞர்கள் பெரும்பாலும் இரண்டு பாதைகளில் போகிறார்கள். முதலாவது பந்தயம். கடலில் மிதவைகளை நட்டுப் பாதை குறித்து, எல்லாரும் ஒரே நேரத்தில் புறப்பட்டு, யார் முதலில் முடிக்கிறார் என்று பார்ப்பது. பல நாள், பல ஓட்டம் நடக்கும். ஒவ்வோர் ஓட்டத்திலும் பிடித்த இடமே புள்ளி. குறைந்த புள்ளி எடுத்தவர் முன்னிலை. இதில் வேகம் மட்டும் போதாது. காற்று அடுத்த பத்து நிமிடத்தில் எந்தப் பக்கம் திரும்பும், நீரோட்டம் எங்கே இழுக்கும் என்று கணிக்கத் தெரிந்தவரே வெல்வார். சதுரங்கமும் நெடுந்தூர ஓட்டமும் சேர்ந்தது போன்ற விளையாட்டு இது.

இரண்டாவது ஃப்ரீஸ்டைல். இதில் பாதையும் இல்லை, முடிவுக் கோடும் இல்லை. குறித்த சில நிமிடங்களுக்குள் இருவர் நேருக்கு நேர் தங்கள் வித்தைகளைக் காட்ட, நடுவர்கள் மதிப்பெண் போடுகிறார்கள். பலகையோடு துள்ளி எழுந்து அந்தரத்திலேயே திசை மாறி இறங்கும் 'வல்கன்', 'ஸ்பாக்' போன்ற வித்தைகளுக்குப் பெயர் வைத்தவர்கள் பழைய தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்கள். வித்தைகளின் எண்ணிக்கை, வகை, நேர்த்தி எல்லாம் கணக்கில் வரும்; இடம், வலம் இரு பக்கமும் செய்து காட்ட வேண்டும். சிலம்பத்திலோ பரதத்திலோ இரு பக்கமும் பழகிய பிள்ளைக்கு இந்தக் கணக்கு எளிதில் புரியும்.

இளைய வீரர்களுக்கென்று டெக்னோ 293 என்ற பலகை பல ஆண்டுகளாகப் பயன்பட்டு வருகிறது. எல்லாருக்கும் ஒரே வடிவப் பலகை. பாயின் அளவு மட்டும் வயதுக்கு ஏற்ப மாறும். பணக்காரப் பிள்ளை விலை உயர்ந்த பலகை வாங்கி முந்திவிட முடியாது என்பதே இந்த விதியின் நோக்கம். 2010-இல் சிங்கப்பூரில் நடந்த முதல் கோடைகால இளையோர் ஒலிம்பிக்கிலும் இதே பலகைதான்.

மூத்தோர் ஒலிம்பிக்கில் நிலைமை வேறு. 2008 முதல் டோக்கியோ போட்டி வரை இருந்த ஆர்எஸ்:எக்ஸ் பலகை போய், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிற்காக மார்சேய் நகரில் நடந்த போட்டிகளில் ஐகியூஃபாயில் வந்துவிட்டது. பலகைக்கு அடியில் நீருக்குள் ஓர் இறக்கை. வேகம் பிடித்ததும் அந்த இறக்கை பலகையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிடும். வீரர் நீரைத் தொடாமல் பறப்பது போலத் தெரியும். உராய்வு குறைவதால் மிதமான காற்றிலும் வேகம் கிடைக்கிறது. மலேசியாவைப் போன்ற காற்று குறைந்த நாட்டுக்கு இது நல்ல செய்தி. ஆனால் புதிய தொகுப்பு ஒன்றின் விலை பல பத்தாயிரம் வெள்ளி. அது கெட்ட செய்தி.

வென்றவர்கள் எங்கிருந்து வந்தார்கள்?

இது பணக்காரர் விளையாட்டு என்ற எண்ணம் பரவலாக உண்டு. அதில் உண்மையும் உண்டு. ஆனால் இதன் வெற்றிக் கதைகள் அந்த எண்ணத்தோடு ஒத்துப் போவதில்லை.

1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஹாங்காங்கின் முதல் ஒலிம்பிக் பதக்கத்தை, அதுவும் தங்கமாக, வென்றவர் லீ லாய் ஷான். சியூங் சாவ் என்ற சிறிய தீவில் வளர்ந்தவர். மீன்பிடிப் படகுகள் நிறைந்த அந்தத் தீவில் அவருடைய மாமா ஒரு விண்ட்சர்ஃபிங் நிலையம் நடத்தி வந்தார். பலகை அங்கே இருந்தது, சொல்லிக் கொடுக்க ஆள் இருந்தது, பிள்ளை கற்றுக்கொண்டது. உயர்ந்த கட்டடங்களுக்கும் வணிகத்திற்கும் பெயர் பெற்ற நகரத்தின் முதல் தங்கம் கடற்கரைக் கொட்டகையிலிருந்து வந்தது.

கரீபியன் கடலில், வெனிசுவேலாவுக்கு வடக்கே பொனேர் என்று ஒரு குட்டித் தீவு. மக்கள்தொகை கிள்ளானின் ஒரு பகுதிக்குக் கூட ஈடாகாது. ஆனால் உலக ஃப்ரீஸ்டைல் அரங்கில் அந்தத் தீவுக்கு ஒரு தனி இடம் உண்டு. டோன்கி ஃபிரான்ஸ், டாட்டி ஃபிரான்ஸ் சகோதரர்கள் முதலில் வழி திறந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்த கிரி தோட் 2013-இல் உலக ஃப்ரீஸ்டைல் வெற்றியாளரானார். அங்குள்ள லாக் விரிகுடாவில் தண்ணீர் இடுப்பளவே. பவளத்திட்டு அலையைத் தடுக்கிறது. காற்றோ ஆண்டு முழுவதும் சீராக வீசுகிறது. சுற்றுப்பயணிகளுக்காக வந்த பலகைகளில் பழையவை தீவுப் பிள்ளைகளின் கைக்கு வந்தன. பக்கத்துத் தீவான அரூபாவின் சாரா-கீட்டா ஓஃப்ரிங்கா 2008-இல் 17 வயதில் முதல் உலகப் பட்டம் வென்று, பிறகு ஆண்டுக்கணக்கில் அதை விட்டுக் கொடுக்கவில்லை.

இன்னும் அருகே வரலாம். 2010 சிங்கப்பூர் இளையோர் ஒலிம்பிக்கில் பெண்கள் விண்ட்சர்ஃபிங் தங்கம் தாய்லாந்தின் சிரிபோன் கேவ்துவாங்-ஙாமுக்குப் போனது; சிங்கப்பூரின் ஆட்ரி யோங் வெண்கலம் வென்றார். இருவரும் பழகியது ஏறத்தாழ மலேசியா அனுபவிக்கும் அதே வெப்பமண்டலக் காற்றில்தான். சிங்கப்பூரில் மக்கள் கழகம் என்ற அரசு அமைப்பே கடற்கரைகளில் நீர் விளையாட்டு நிலையங்களை நடத்துகிறது. அடுக்குமாடி வீட்டுப் பிள்ளையும் சிறிய கட்டணத்தில் போய்க் கற்க முடியும்.

மாமாவின் கடை, சுற்றுப்பயணிகள் விட்டுச் சென்ற பலகை, அரசு நிலையம் என்று வழிகள் வேறு வேறு. பொதுவானது ஒன்றுதான். முதல் பலகையை அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் வாங்கித் தர வேண்டியிருக்கவில்லை. அது நடந்து போகும் தூரத்தில் ஏற்கனவே இருந்தது.

கடலில்லா மாநிலத்தின் வெள்ளி

"கடற்கரைப் பிள்ளைகளுக்கு அது சரி, பிரிக்பீல்ட்ஸ் பிள்ளைக்கு?" என்று கேட்கலாம். அதற்கு இந்தியாவில் ஒரு பதில் இருக்கிறது.

2023 செப்டம்பர் 26-ஆம் தேதி, ஹாங்சோ ஆசியப் போட்டியில் இந்தியா பாய்மரப் பிரிவில் இரண்டு பதக்கங்களை வென்றது. ஆடவர் ஆர்எஸ்:எக்ஸ் விண்ட்சர்ஃபிங்கில் எபாத் அலிக்கு வெண்கலம். பெண்களுக்கான இளையோர் படகுப் பிரிவில் 17 வயது நேஹா தாக்கூருக்கு வெள்ளி. நேஹா, மத்தியப் பிரதேசத்தின் தேவாஸ் மாவட்டத்து விவசாயக் குடும்பத்துப் பெண். மத்தியப் பிரதேசத்திற்குக் கடலே கிடையாது. அவர் பழகியது போபாலில் உள்ள ஏரியில், தேசியப் பாய்மரப் பள்ளியில்.

தமிழ்நாட்டிலும் இரு பாதைகள் தெரிகின்றன. சென்னையின் நேத்ரா குமணன் பள்ளிப் பருவத்தில் ஒரு விடுமுறைக்காலப் பயிற்சி முகாமில் பாய்மரப் படகைத் தொட்டவர். டோக்கியோ, பாரிஸ் என இரண்டு ஒலிம்பிக் கண்டுவிட்டார். வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணன் இராணுவத்தின் பயிற்சியில் வளர்ந்து, அதே இரண்டு ஒலிம்பிக்கிலும் ஓடி, ஹாங்சோவில் வெண்கலமும் வென்றார். சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் மூர்த்தி மெகவன் என்ற மீனவர் தொடங்கி வைத்த அலைச்சறுக்குப் பயிற்சியில் மீனவக் குப்பத்துப் பிள்ளைகள் பலகை ஏறினார்கள். கேரளத்தின் கோவளம் வளர்த்தெடுத்த ரமேஷ் புதிஹால், 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசிய அலைச்சறுக்குப் போட்டியில் வெண்கலம் வென்றார். அந்தப் போட்டி வரலாற்றில் இந்தியர் ஒருவருக்குக் கிடைத்த முதல் தனிநபர் பதக்கம் அது.

ஆக, தண்ணீருக்கும் தமிழனுக்கும் பகை என்று எதுவும் இல்லை. கதவு திறந்த இடத்தில் பிள்ளைகள் உள்ளே போயிருக்கிறார்கள்.

கிள்ளானின் கடல் யாருடைய கடல்?

கிள்ளான் பள்ளத்தாக்கின் நிலைமையை நேர்மையாகப் பார்க்க வேண்டும். சிலாங்கூருக்குச் சபாக் பெர்ணத்திலிருந்து சிப்பாங் வரை நீண்ட கடற்கரை உண்டு. ஆனால் அதில் பெரும்பகுதி சேறும் அலையாத்திக் காடும். மோரிப் கடற்கரையில் நீர் வற்றினால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சேறுதான். கிள்ளான் துறைமுகமோ ஆண்டுக்கு 1 கோடியே 40 லட்சம் கொள்கலன்களுக்கு மேல் கையாளும் உலகத் துறைமுகம். கப்பல்கள் போகும் வழியில், வலுவான நீரோட்டத்தில், பத்து வயதுப் பிள்ளையைப் பலகையில் ஏற்ற முடியாது.

காற்றும் அப்படித்தான். மலாக்கா நீரிணை சுமத்ராவின் மறைவில் இருப்பதால் மேற்குக் கரையில் பெரும்பாலும் மென்காற்றே. பிற்பகலில் கடல்காற்று சற்று எழும். விடியற்காலையில் சில மாதங்களில் 'சுமத்ரா' எனப்படும் புயல்காற்று திடீரென்று அடித்து ஓயும். கிள்ளான் பள்ளத்தாக்கில் பிற்பகல் இடி மின்னலுக்கும் பஞ்சமில்லை. ஃப்ரீஸ்டைல் வித்தைகளுக்குத் தேவையான வலுவான, சீரான காற்றுக்கு, வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கிழக்குக் கரைக்குத்தான் போக வேண்டும். எனவே இங்குள்ள பிள்ளைக்கு முதலில் பொருந்துவது பந்தயமே. மென்காற்றில் பாயை விடாமல் அசைத்து வேகம் கூட்டும் உடல் வலிமையும், காற்றைப் படிக்கும் மூளையும் உள்ளவர்களுக்கு அது நல்ல பள்ளி. உடல் எடை குறைந்த இளையவர்களுக்கு மென்காற்று சாதகமும் கூட.

இடம் இல்லாமலும் இல்லை. பிரிக்பீல்ட்ஸ் வாசலில் இருக்கும் கேஎல் சென்ட்ரலில் விரைவு ரயில் ஏறினால் புத்ராஜெயா இருபது நிமிடம் போல்தான். அங்கே 600 ஹெக்டருக்கு மேல் பரந்த ஏரி. அனைத்துலக நீர் விளையாட்டுப் போட்டிகளைக் கண்ட ஏரி. பாயைத் தூக்குவது, திசை திருப்புவது, விழுந்து மீண்டும் ஏறுவது ஆகிய தொடக்கப் பாடங்களுக்கு ஏரி போதும் என்பதைத்தான் போபால் காட்டியிருக்கிறது. அடுத்த கட்டத்திற்குப் போர்ட்டிக்சன் இருக்கிறது. கோலாலம்பூரிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். பள்ளி விடுமுறை வந்தால் நம் குடும்பங்கள் சோறு கட்டிக்கொண்டு போகும் அதே கரைதான். கணுக்கால் நனைத்துத் திரும்புவதோடு பெரும்பாலோரின் கடல் முடிந்துவிடுகிறது.

கிள்ளான் துறைமுகத்திலேயே அரச சிலாங்கூர் படகுக் கழகம் இருக்கிறது. 1990 முதல் நடக்கும் ராஜா மூடா சிலாங்கூர் அனைத்துலகப் படகுப் போட்டி அங்கிருந்துதான் லங்காவி நோக்கிப் புறப்படும். வெளிநாட்டுப் பாய்மரப் படகுகள் வந்து சேரும் அந்த நாட்களில், சில கிலோமீட்டர் தள்ளி கிள்ளான் லிட்டல் இந்தியாவில் வளரும் பிள்ளைக்கு அப்படி ஒன்று நடப்பதே தெரியாது. தூரம் கிலோமீட்டரில் இல்லை, அறிமுகத்தில் இருக்கிறது.

இதில் ஒரு வரலாற்று முரணும் உண்டு. இந்த சமுதாயம் நாட்டுக்குள் வந்ததே கடல் வழியாக. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் ரஜூலா போன்ற கப்பல்கள் பினாங்கிலும், 1972-க்கு முன் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் என்று அழைக்கப்பட்ட கிள்ளான் துறைமுகத்திலும் மக்களை இறக்கின. இறங்கியவர்களில் பெரும்பாலோர் தோட்டங்களுக்கும் ரயில்வேக்கும் போனார்கள். சிலர் துறைமுகத்திலேயே மூட்டை சுமந்தார்கள். கடல் என்பது தாண்டி வந்த துயரமாகவோ வேலை இடமாகவோ மட்டுமே நினைவில் தங்கியது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் அடுக்குமாடிகளுக்கு வந்த பிறகும், நீச்சல் குளம் எட்டாத பொருளாகவே இருந்தது. பூப்பந்து மண்டபம் எந்தத் தாமானிலும் உண்டு; காற்பந்துத் திடலும் உண்டு. தீனாவைப் போன்றவர்கள் எழுந்து வர அந்த அருகாமையும் ஒரு காரணம். தண்ணீருக்கு அப்படியோர் அருகாமை அமையவில்லை.

லங்காவி விட்டுச் சென்ற கேள்வி

இளைஞர் விண்ட்சர்ஃபிங் மலேசியச் செய்திகளில் பெரிதாக அடிபட்ட காலம் ஒன்று உண்டு. 2015 டிசம்பர் இறுதியில் தொடங்கி 2016 ஜனவரி தொடக்கம் வரை, உலக இளையோர் பாய்மரப் போட்டி லங்காவியில் நடந்தது. 70-க்கும் மேற்பட்ட நாடுகளின் இளையோர் வந்தார்கள். விண்ட்சர்ஃபிங்கும் அதில் ஒரு பிரிவு.

அந்தப் போட்டி உலகச் செய்தியானது வேறு காரணத்திற்காக. இஸ்ரேலின் இரு இளம் விண்ட்சர்ஃபிங் வீரர்கள் கலந்துகொள்ளவில்லை. கொடியும் தேசிய கீதமும் கூடாது என்ற நிபந்தனைகள், விசா கிடைக்காத நிலை ஆகியவற்றைச் சொல்லி அந்நாட்டுச் சங்கம் விலகியது. பாலஸ்தீன மக்களுக்கான மலேசியாவின் நிலைப்பாடு ஒரு பக்கம், எந்த வீரரையும் தடுக்கக் கூடாது என்ற அனைத்துலக விளையாட்டு விதி மறுபக்கம் என்று வாதம் நடந்தது. அதே வகைச் சிக்கலில்தான் 2019-இல் கூச்சிங்கில் நடக்கவிருந்த உடற்குறையுடையோர் உலக நீச்சல் போட்டி மலேசியாவிடமிருந்து எடுக்கப்பட்டு லண்டனுக்குப் போனது.

அரசியல் நிலைப்பாடு அரசாங்கத்தின் முடிவு. அதில் நாட்டு மக்களிடையே பரந்த ஆதரவும் உண்டு. ஆனால் அந்தச் சத்தத்தில் ஒரு கேள்வி கேட்கப்படாமலே போனது. உலகத்து இளையோர் எல்லாம் வந்து போன பிறகு, இந்த நாட்டின் சாதாரணப் பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சியது? எத்தனை பள்ளிகளுக்குப் பலகை போனது? லங்காவிக்கு வெளியே எத்தனை பிள்ளைகள் புதிதாகத் தண்ணீரில் இறங்கினார்கள்? பெரிய போட்டியை நடத்துவது ஒரு திறமை. அது முடிந்த பிறகு கதவைத் திறந்து வைப்பது வேறொரு திறமை. சுக்மாவையும் சீ விளையாட்டையும் வரவேற்கும் நேரத்தில் இந்த இரண்டாவது கேள்வியை முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.

பெற்றோரின் கணக்கு

எந்தத் திட்டமும் பெற்றோரின் சம்மதத்தில்தான் தொடங்கும். அவர்கள் தயங்குவதற்கு மூன்று காரணங்கள் உண்டு. மூன்றும் நியாயமானவை.

முதலாவது பயம். நீர்வீழ்ச்சியிலும் ஆற்றிலும் கடலிலும் இளைஞர்கள் மூழ்கிய செய்தி விடுமுறைக் காலத்தில் வராமல் இருப்பதில்லை. அந்தச் செய்தியைப் படிக்கும் தாய் தண்ணீர்ப் பக்கமே போகாதே என்றுதான் சொல்வார். ஆனால் நீச்சல் தெரியாத பிள்ளை நண்பர்களோடு இரகசியமாகப் போவதில்தான் ஆபத்து அதிகம். நீர் விளையாட்டுப் பயிற்சியில் முதல் பாடமே நீச்சல், மிதவைச் சட்டை, காற்று திரும்பினால் என்ன செய்வது, இடி கேட்டால் எப்போது கரை ஏறுவது என்பவை. துணைப்படகு இல்லாமல் எந்தப் பொறுப்பான பயிற்றுநரும் பிள்ளைகளை இறக்க மாட்டார். விண்ட்சர்ஃபிங் வீரர் உருவாகாவிட்டாலும், நீந்தத் தெரிந்த, தண்ணீரை மதிக்கத் தெரிந்த பிள்ளை உருவாகும். அந்த ஒரு பலனுக்காகவே இதைத் தொடங்கலாம்.

இரண்டாவது படிப்பு. சனிக்கிழமை டியூஷன் வகுப்பை விட்டுவிட்டுக் கடற்கரையா என்ற கேள்வி. பொதுப் பல்கலைக்கழக நுழைவுக்கான தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சிக்கும் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கும் போகிறது. எஸ்.பி.எம் அல்லது எஸ்.டி.பி.எம் தேர்வில் நல்ல தேர்ச்சி பெற்றும் விரும்பிய துறை கிடைக்காமல் தவிக்கும் மாணவர்களின் குறை ஆண்டுதோறும் கேட்கிறது. அந்த 10 விழுக்காட்டில் மாவட்ட, மாநில அளவில் பங்கேற்றவருக்கு மதிப்பு கூடுதல். ஓட்டப் பந்தயத்திலோ காற்பந்திலோ மாநில அணியில் இடம் பிடிக்கப் போட்டி கடுமை. ஆள் குறைவாக உள்ள விளையாட்டில் உழைக்கும் பிள்ளைக்கு அந்த இடம் எட்டும் தூரத்தில் இருக்கிறது.

மூன்றாவது பணம். ஒரு குடும்பம் தனியாக இந்த விளையாட்டைத் தூக்கிச் சுமக்க முடியாது, சுமக்கவும் தேவையில்லை. பலகை என்பது புத்தகம் போன்றதன்று, நூலகம் போன்றது. பயன்படுத்திய தொடக்கநிலைப் பலகைகள் பத்து இருந்தால், இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு பலகை வீதம் ஒரு வகுப்பில் இருபது பேர் கற்கலாம். வாரம் இரண்டு வகுப்பு என்றால் நாற்பது பேர். ஒரு கோயில் திருவிழாவின் ஒரு நாள் அன்னதானத்தை மனமுவந்து ஏற்கும் உபயக்காரர்கள் உள்ள ஊர்கள் இவை. பிரச்சினை தொகையில் இல்லை. அப்படி ஒரு செலவு உண்டு என்று எவருக்கும் தோன்றாததில் இருக்கிறது.

"பள்ளிகளுக்கே மராமத்துப் பணம் போதவில்லை, இதில் விண்ட்சர்ஃபிங் ஒரு கேடா?" என்று கேட்பவர்களும் இருப்பார்கள். அந்தக் கேள்வியில் கோபமும் நியாயமும் உண்டு. ஆனால் விளையாட்டுக்கென்று அரசாங்கமும் மாநிலமும் ஒதுக்கும் பணம் எப்படியும் செலவாகத்தான் போகிறது. கேட்பவர் இல்லாத இடத்தில் அது வேறு கைக்குப் போகும். சமுதாயத்தின் தேவைப் பட்டியலில் ஒரு வரியாகக் கூட இல்லாத ஒன்றை எந்த அதிகாரியும் தானாக முன்வந்து தரப் போவதில்லை.

அடுத்த படி

தொடங்குவதற்கு மாபெரும் திட்டம் வேண்டாம். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் உள்ள இடைநிலைப்பள்ளி மாணவர்களில் நீச்சல் கற்க விரும்புவோரைத் திரட்டுவது முதல் வேலை. இளைஞர் மன்றங்களும் ஆலய இளைஞர் பிரிவுகளும் முன்னாள் மாணவர் சங்கங்களும் இதைச் செய்ய முடியும். நீச்சல் தேறியவர்களை விடுமுறை முகாமாகப் புத்ராஜெயா ஏரிக்கோ போர்ட்டிக்சனுக்கோ அழைத்துச் செல்வது இரண்டாவது. நேத்ரா குமணனின் பயணம் தொடங்கியது அப்படி ஒரு முகாமில்தான். அங்கிருந்து ஆர்வமும் திறமையும் காட்டும் நாலைந்து பேரை மாநிலப் பாய்மரச் சங்கத்தின் பார்வைக்குக் கொண்டு போவது மூன்றாவது.

மித்ரா போன்ற அமைப்புகளிடம் மானியம் கேட்கும்போது விண்ணப்பத்தில் கணினி வகுப்பும் தையல் வகுப்பும் இடம் பெறுவது போல, இதுவும் இடம் பெறலாம். படகுக் கழகங்களிடம் உறுப்பினர் சேர்க்கை கேட்க வேண்டியதில்லை. ஆண்டுக்கு இரண்டு நாள் திறந்த அறிமுக வகுப்பும், கழித்துக் கட்டும் பழைய பாய்களும் பலகைகளும் கேட்டாலே போதும். சீ விளையாட்டுக்கென்று வாங்கப்படும் கருவிகள் போட்டி முடிந்த பின் எங்கே போகும் என்பதை 2027-க்கு முன்பே கேட்டு எழுத்தில் பெற வேண்டியது சமுதாயப் பிரதிநிதிகளின் பொறுப்பு.

பெண் பிள்ளைகளை இதில் மறந்துவிடக் கூடாது. மேலே சொன்ன லீ லாய் ஷான், சாரா-கீட்டா, சிரிபோன், நேஹா, நேத்ரா எல்லாரும் பெண்கள் என்பது தற்செயல் அன்று. ஆண்களுக்கும் பெண்களுக்கும் சம எண்ணிக்கையில் பதக்கங்கள் உள்ள விளையாட்டு இது. பெண்கள் பிரிவில் போட்டியாளர்கள் குறைவு என்பதால், பொறுமையாகப் பழகும் பெண்ணுக்கு முன்னேறும் வாய்ப்பு அதிகம். உடையைப் பற்றிக் கவலைப்படும் குடும்பங்களுக்கு ஒரு தகவல்: கை கால் முழுதும் மூடும் நீருடையும் மேலே மிதவைச் சட்டையும் அணிவது இந்த விளையாட்டில் வழக்கமே.

எல்லாப் பிள்ளைகளும் ஒலிம்பிக் போகப் போவதில்லை. நாற்பது பேர் தொடங்கினால் முப்பது பேர் ஓராண்டில் நின்றுவிடலாம். அந்த முப்பது பேருக்கும் நீச்சல் தெரிந்திருக்கும். மீதிப் பத்துப் பேரில் இருவர் சிலாங்கூர் அல்லது கோலாலம்பூர் அணியில் இடம் பிடித்தால், அவர்களைப் பார்த்து அடுத்த ஆண்டு இன்னும் நாற்பது பேர் வருவார்கள். பொனேர் தீவில் ஃபிரான்ஸ் சகோதரர்களுக்குப் பின்னால் கிரி தோட் வந்தது அந்த வழியில்தான். புத்ராஜெயா ஏரியின் மேல் வீசும் காற்றுக்குக் கட்டணம் இல்லை. அடுத்த பள்ளி விடுமுறைக்குள் முதல் பத்துப் பலகைகளை அங்கே கொண்டு சேர்க்க முன்வரும் கைகள்தான் இப்போது தேவை.